அளவுகோலும் அம்மா மடியும்

(தலைப்பு: ஆங்கிலச் சொல்லைச் சரியாகத் தேர்ந்தெடுக்க நமக்குப் பெரிதும் துணை நிற்பது அகராதி அறிவே! மனித உறவே! ‘மனித உறவே’ என்ற அணியில் பேசியது)

    

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு சவால் விட்டார்கள். “அகராதியிலே இல்லாத எதை உறவு சொல்லிக் கொடுக்கும்? ஒரு சொல்லாவது காட்டுங்க பார்ப்போம்!” என்றார்கள். ஐயா, நான் நூறு சொல்லோடு வரவில்லை. ஒரே ஒரு சொல்லோடுதான் வந்திருக்கிறேன். அதுவும் சின்னச் சொல். அந்தச் சொல்லே ‘சின்ன’ என்பதுதான். (சிரிப்பு)

தமிழிலே ‘சின்ன’ என்கிறோம். இதற்கு ஆங்கிலத்தில் என்ன? எதிரணியினர் கையில் இருக்கிற அகராதியைப் புரட்டட்டும். ஸ்மால், லிட்டில், டைனி, மைன்யூட், பெட்டீட், பியூனி, மினியேச்சர் என்று வரிசையாக வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் நேரே ‘சிறிய’, ‘மிகச் சிறிய’ என்று போட்டிருக்கும். சரி, இதில் எதை எடுப்பது? கடையில் பத்துப் புடவையை விரித்துப் போட்டுவிட்டு, “எல்லாம் புடவைதாம்மா, எதையாவது எடுத்துக்குங்க” என்று கடைக்காரர் சொன்னால் நீங்கள் விடுவீர்களா தாய்மார்களே? கல்யாணத்துக்கா, கோயிலுக்கா, துக்க வீட்டுக்கா என்று பார்த்துத்தானே எடுப்பீர்கள்? புடவைக்கு இருக்கிற மரியாதை சொல்லுக்கு வேண்டாமா? (கைதட்டல்)

முதலில் ‘ஸ்மால்’ என்பவரைப் பார்ப்போம். இவர் கையில் எப்போதும் ஒரு அளவுகோல் இருக்கும். சட்டைக் கடையிலே ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று சீட்டு ஒட்டியிருக்கிறதல்லவா? அங்கே ‘லிட்டில்’ என்று ஒட்டமாட்டான். ஏனென்றால் அங்கே பாசத்துக்கு வேலை இல்லை, தோள் அகலத்துக்குத்தான் வேலை. ‘ஸ்மால்’ சொன்னால் பக்கத்தில் ஒரு பெரியது நின்றாக வேண்டும். 1969ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிலாவிலே கால் வைத்தாரே நீல் ஆர்ம்ஸ்ட்ராங், அவர் தன் காலடியை ‘ஸ்மால்’ என்றுதான் சொன்னார். ஏன்? அடுத்த மூச்சிலேயே மனித குலத்தின் மாபெரும் பாய்ச்சலைச் சொல்லப் போகிறார். பெரியதைப் பக்கத்தில் நிறுத்துவதற்காகவே சின்னதை அளந்து வைத்தார்.

“பார்த்தீங்களா, அளவுன்னு ஒத்துக்கிட்டாரு! அளவைத்தானே அகராதி சொல்லுது” என்று எதிரணித் தலைவர் தலையாட்டுகிறார். அவசரப்படாதீர்கள் ஐயா. அளவு என்று சொன்னாலும், எதை அளப்பது என்று ஒரு கேள்வி இருக்கிறது.

நம் வயிற்றுக்குள்ளே சிறுகுடல், பெருங்குடல் என்று இரண்டு இருக்கின்றன. ஆங்கிலத்திலும் அப்படியே, ‘ஸ்மால் இன்டெஸ்டைன்’, ‘லார்ஜ் இன்டெஸ்டைன்’. நீளத்தைப் பாருங்கள். சிறுகுடல் சுமார் 6 மீட்டர். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர்தான். நாலு மடங்கு நீளமானவனுக்கு ‘சின்னவன்’ என்று பெயர்! காரணம் என்ன? அங்கே நீளத்தை அளக்கவில்லை, குறுக்களவை அளந்திருக்கிறார்கள். குழாய் ஒடுக்கம், அதனால் சிறுகுடல்.

இன்னொன்று சொல்கிறேன், இது சிரிக்கிற விஷயம் இல்லை. ஆங்கிலத்திலே ‘ஸ்மால்பாக்ஸ்’ என்று ஒரு நோய். சொல்லுக்குச் சொல் அகராதி பார்த்து மொழிபெயர்த்தால் என்ன வரும்? ‘சின்ன அம்மை’ என்று வரும். ஆனால் நம் ஊரில் அதற்குப் பெயர் பெரியம்மை! சின்னம்மை என்பது ‘சிக்கன்பாக்ஸ்’, அது வேறு நோய். வெள்ளைக்காரன் ‘ஸ்மால்’ என்றதை நம் பாட்டி ‘பெரிய’ என்றாள். இருவரில் யார் சொன்னது தப்பு? யாரும் தப்பில்லை. அந்தக் காலத்து ஐரோப்பாவில் ‘கிரேட் பாக்ஸ்’ என்று வேறொரு கொடிய நோய் இருந்தது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவன் இதைச் சின்னது என்றான். நம் பாட்டி இதைச் சின்னம்மையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சின்னம்மை வந்தால் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாளில் எழுந்துவிடலாம். இது வந்தால் உயிர் போகும், பிழைத்தால் கண் போகும். அதனால் பெரியம்மை என்றாள். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொண்டுபோன நோய் என்று மதிப்பிடுகிறார்கள். அது உலகத்தை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 1980ஆம் ஆண்டு அறிவித்தது. ‘ஸ்மால்’ என்றால் சின்ன என்று மட்டும் மனப்பாடம் பண்ணியவன், ஊருக்குள் பெரியம்மை வந்திருந்த காலத்தில் மொழிபெயர்க்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யார் எதைப் பார்த்துப் பயந்தார்கள் என்று தெரிந்தால்தான் ஐயா சொல் பிடிபடும். (கைதட்டல்)

இப்போது ‘லிட்டில்’ என்பவரிடம் வருவோம். ‘ஸ்மால்’ கையில் அளவுகோல் என்றேன். ‘லிட்டில்’ என்பது அம்மா மடி!

என் தம்பி ஆறடி உயரம். நான் ஐந்தடி மூன்று அங்குலம். அவன் பக்கத்தில் நின்றால் மேடையில் என்னைத் தேட வேண்டும். ஆனாலும் ஆங்கிலத்தில் அவன் எனக்கு ‘லிட்டில் பிரதர்’தான். இங்கே லிட்டில் என்பது உயரமா? இல்லை, உறவு! எனக்குப் பின்னால் பிறந்தவன், நான் தூக்கி வளர்த்தவன் என்று அர்த்தம். ஒரு ஆங்கிலேயர் ‘நான் லிட்டிலாக இருந்தபோது’ என்று சொன்னால், குழந்தையாக இருந்தபோது என்று பொருள். சுண்டு விரல் ‘லிட்டில் ஃபிங்கர்’. குடும்பத்திலே கடைசிப் பிள்ளை அது, அதனால் லிட்டில்.

வீட்டுத் தரகர் வந்தால், ‘ஸ்மால் ஹவுஸ்’ என்பார். எத்தனை சதுர அடி என்று உடனே நாம் கேட்போம். அதே வீட்டில் இருபது வருஷம் வாழ்ந்து, நாலு பிள்ளைகளைப் பெற்று, வாசலில் ஒரு முருங்கை மரம் வைத்த அம்மா ஆங்கிலம் பேசினால், ‘நைஸ் லிட்டில் ஹவுஸ்’ என்பாள். அங்கே சதுர அடியைக் கேட்டால் அடிதான் கிடைக்கும்! (சிரிப்பு) இன்னொரு சங்கதியும் உண்டு. ‘லிட்டில்’ பெரும்பாலும் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டேதான் வரும், தாய் முந்தானையைப் பிடித்த குழந்தை மாதிரி. ‘வீடு சின்னது’ என்று தனியே பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் அங்கே ‘ஸ்மால்’ வந்துவிடும். ‘ஸ்மாலர்’, ‘ஸ்மாலஸ்ட்’ என்று ஒப்பிட்டுப் பேசுவதும் அவர் வேலைதான். ‘லிட்டில்’ போட்டிக்கு வராது. மடியில் இருக்கிற பிள்ளையைத் தராசில் வைத்து எவனாவது ஒப்பிடுவானா?

1943ஆம் ஆண்டு அந்துவான் செந்த் எக்சுபெரி என்ற விமானி பிரெஞ்சு மொழியில் ஒரு கதை எழுதினார். ஒரு குட்டிக் கிரகத்தில் தனியாக வாழ்கிற சிறுவனின் கதை. ஆங்கிலத்தில் அதற்கு ‘தி லிட்டில் பிரின்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ‘ஸ்மால் பிரின்ஸ்’ என்று வைத்திருந்தால், இளவரசன் குள்ளம், அவனுக்குச் சட்டை தைக்கத் துணி குறைவு என்றுதான் தோன்றும். தமிழில் கொண்டுவந்தவர்கள் என்ன பெயர் வைத்தார்கள்? ‘சிறிய இளவரசன்’ என்றா வைத்தார்கள்? ‘குட்டி இளவரசன்’ என்று வைத்தார்கள். பிரெஞ்சிலே இருந்த பாசம் தமிழ்க் ‘குட்டி’யில் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. அளந்து பார்த்தவருக்கு இந்தக் ‘குட்டி’ கிடைத்திருக்குமா? வளர்த்துப் பார்த்தவருக்குத்தான் கிடைக்கும்! (பலத்த கைதட்டல்)

அதற்காக ‘ஸ்மால்’ என்பவரைப் பாசமில்லாதவர் என்று தள்ளிவிட வேண்டாம். 1973ஆம் ஆண்டு ஷூமாக்கர் என்ற பொருளாதார அறிஞர் தன் நூலுக்கு ‘ஸ்மால் ஈஸ் பியூட்டிஃபுல்’ என்று தலைப்பு வைத்தார். அங்கே ‘லிட்டில்’ பொருந்தாது. பெரிய பெரிய தொழிற்சாலைகளுக்கு எதிரே சிறியதை நிமிர்ந்து நிற்க வைக்கிறார். நிமிர்ந்து நிற்பவனை மடியில் போட்டுக் கொஞ்ச முடியாதல்லவா? அருந்ததி ராய் 1997ஆம் ஆண்டு புக்கர் பரிசு பெற்ற நாவலின் பெயரிலும் ‘ஸ்மால் திங்ஸ்’தான். பெரிய விஷயங்கள் என்று உலகம் கொண்டாடுகிறதே, அவற்றுக்கு எதிரே நிற்கிற சின்ன விஷயங்கள்.

சரி, ‘லிட்டில்’ என்றாலே கொஞ்சல்தானா? அங்கேதான் சிக்கல். ‘ஸ்வீட் லிட்டில் கேர்ள்’ என்றால் கொஞ்சல். ‘சில்லி லிட்டில் மேன்’ என்றால் உதை! அளவு அதே அளவு, சொல் அதே சொல். அகராதி இரண்டு பொருளையும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இன்றைக்கு எந்த எண் என்று யார் சொல்வது? சொல்கிறவர் முகம் சொல்லும், குரல் சொல்லும், இருவருக்கும் நடுவில் இருக்கிற உறவு சொல்லும். நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? “வாடா குட்டிப் பயலே” என்று தாத்தா சொன்னால் பேரன் ஓடிவந்து மடியில் ஏறுகிறான். அதையே அலுவலகத்தில் மேலதிகாரி சொல்லிப் பார்க்கட்டுமே! (சிரிப்பு)

மற்ற சொந்தக்காரர்களையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நேரம் ஆகிறது என்று நடுவர் மணியைப் பார்க்கிறார். ‘மினிட்’ என்பதும் ‘மைன்யூட்’ என்பதும் ஒரே எழுத்துக்கூட்டுதான் ஐயா. இரண்டும் லத்தீனில் ‘நுணுக்கப்பட்டது’ என்ற சொல்லிலிருந்து வந்தவை. ஒரு மணியின் முதல் நுண்பகுதி ‘மினிட்’. இரண்டாவது முறை நுணுக்கினால் வருவதுதான் ‘செகண்ட்’. அதனால் மணி அடிக்கிற நடுவர் மைன்யூட்டாகவே பார்க்கலாம், தப்பில்லை! (சிரிப்பு)

‘மைன்யூட்’ என்றால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற நுணுக்கம். ‘டைனி’ என்றாலும் மிகச் சிறியதுதான், ஆனால் கண்ணை அகல விரித்து வியக்கிற சின்னது. பிறந்த குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு தாய் சொல்வது ‘டைனி’. அதே குழந்தையின் ரத்தத்தில் ஏதோ துளி கலந்திருக்கிறது என்று பரிசோதனைக் கூடம் எழுதுவது ‘மைன்யூட்’. தாயை ‘மைன்யூட் ஃபிங்கர்’ என்று சொல்ல வைத்தால் குழந்தையே அழும்!

‘பெட்டீட்’ என்பது பிரெஞ்சிலிருந்து வந்த பெண்பாற் சொல். உயரம் குறைந்த, சின்ன உடல்வாகுள்ள பெண்ணை நயமாகச் சொல்வது. ஒரு நண்பர் தன் மகனுக்குப் பெண் தேடி ஆங்கிலத்தில் விவரம் எழுதினார். அகராதியில் ‘சிறிய, அழகிய உருவம்’ என்று போட்டிருந்ததாம். “பையன் பெட்டீட்” என்று எழுதி அனுப்பிவிட்டார். பெண் வீட்டார் பதிலே போடவில்லை. (பலத்த சிரிப்பு)

‘பெட்டி’ என்பது அதே பிரெஞ்சுச் சொல்லின் தம்பி. அலுவலகத்தில் ‘பெட்டி கேஷ்’ என்றால் சில்லறைச் செலவுப் பணம், அதில் ஒரு பழியும் இல்லை. மனிதரைப் போய் ‘பெட்டி’ என்றால் அற்ப புத்தி என்று ஆகிவிடும். நம் ஊர்ப் பெட்டிக்கடையை ஆங்கிலத்தில் ‘பெட்டி ஷாப்’ என்று எழுதினால் பொருந்துகிறது. கடைக்காரரை ‘பெட்டி மேன்’ என்று எழுதினால் மறுநாள் உங்களுக்குக் கடன் கிடையாது!

‘பியூனி’ என்பதன் கதை இன்னும் வேடிக்கை. பழைய பிரெஞ்சில் அதற்கு ‘பின்னால் பிறந்தவன்’ என்றுதான் பொருள். இன்றைக்கு ஆங்கிலத்தில் நோஞ்சான் என்று ஆகிவிட்டது. நாமும் பின்னால் பிறந்தவனுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம், ‘கடைக்குட்டி’. அங்கே அது இளக்காரமாகப் போனது, இங்கே செல்லமாக நின்றது!

ஸ்காட்லாந்துக்குப் போனால் ‘வீ’ என்பார்கள். ‘ஒரு வீ கப் தேநீர்’ என்பார்கள். வருவது முழுக் கோப்பையாக இருக்கும். உபசாரத்தில் அளவு ஏது? நம் ஊரில் ஒருத்தர் வருவார், “ஒரு சின்ன உதவி” என்பார். உட்கார வைத்துக் கேட்டால் ஐம்பதாயிரம் ரூபாய்! (சிரிப்பு) அந்தச் ‘சின்ன’வுக்கு எந்த அகராதியில் பொருள் இருக்கிறது?

சிரித்தது போதும். நெஞ்சைத் தொடுகிற ஒன்றைச் சொல்கிறேன். பிறவியிலேயே வளர்ச்சி குன்றி, நாலடி உயரத்தோடு நின்றுபோகிற மனிதர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அவர்களுக்கு ‘மிட்ஜெட்’ என்று ஒரு சொல். அகராதிப்படி மிகச் சிறிய உருவமுள்ள மனிதர் என்று பொருள். அளவு சரிதான், ஆனால் சர்க்கஸ் கூடாரத்திலும் கண்காட்சியிலும் நிறுத்தி, காசு வாங்கிக்கொண்டு வேடிக்கை காட்டிய சொல் அது. 1957ஆம் ஆண்டு அமெரிக்காவில் பில்லி பார்ட்டி என்ற நடிகர், மூன்றடி ஒன்பது அங்குல உயரம், தம்மைப் போன்றவர்களை ஓர் ஊரில் கூட்டினார். அங்கே பிறந்த சங்கம் இன்று ‘லிட்டில் பீப்பிள் ஆஃப் அமெரிக்கா’ என்று அழைக்கப்படுகிறது. ‘மிட்ஜெட்’ என்று எங்களைச் சொல்லாதீர்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். அப்படியானால் எப்படி அழைப்பது? ‘லிட்டில் பெர்சன்’ என்றால் ஏற்றுக்கொள்வோர் பலர். ஆனால் அதையும்விட நல்லது ஒன்று உண்டு. எங்களுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் இருக்கிறதே, அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்பதுதான் அது. கேட்டீர்களா தாய்மார்களே? எல்லாச் ‘சின்ன’வையும் விடச் சரியான சொல், அந்த மனிதரின் பெயர்! நம் தெருவில் உயரம் குறைந்த பிள்ளையைப் பார்த்து ஒரு சொல்லை வீசுகிறோமே, அதுவும் நம் தமிழ் அகராதியில் இருக்கிற சொல்தான். அகராதியில் இருப்பதாலேயே அது வீசத் தகுந்தது ஆகிவிடுமா? (நீண்ட கைதட்டல்)

கடைசியாக ஒன்று. ‘லிட்டில்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘எ’ என்று ஒரு ஒற்றை எழுத்து வரும். ‘எ லிட்டில் ஹோப்’ என்றால், கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. அந்த எழுத்தை எடுத்துவிட்டு ‘லிட்டில் ஹோப்’ என்றால், நம்பிக்கை இல்லை என்றே வைத்துக்கொள் என்று பொருள். ஒரே ஒரு எழுத்து!

1994ஆம் வருஷம். எங்கள் மாமாவுக்கு நெஞ்சுவலி. மதுரையில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அத்தையும் உறவுக்காரப் பையன் ஒருவனும் நிற்கிறார்கள். பையன் பட்டதாரி. டாக்டர் வெளியே வந்தார். “தேர் ஈஸ் எ லிட்டில் ஹோப்” என்று வேகமாகச் சொல்லிவிட்டுத் திரும்பவும் உள்ளே போய்விட்டார். பையன் காதில் அந்த ‘எ’ விழவில்லை. “லிட்டில் ஹோப்னு சொல்லிட்டாரு அத்தே, மனசைத் தேத்திக்குங்க” என்று அழ ஆரம்பித்தான். ஊருக்குத் தந்தி போயிற்று. ஊரில் பந்தல்காரரிடமே சொல்லி வைத்துவிட்டார்கள்!

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் அழுகிறார்கள், அத்தை மட்டும் அழவில்லை. ஒரு எழுத்து ஆங்கிலம் தெரியாது அத்தைக்கு. என்னைப் பார்த்ததும் சொன்னார்கள்: “இவன் என்னமோ சொல்றாம்ப்பா. நான் நம்பலை. கையை விரிச்ச டாக்டரு வெளியே போவாரு. இவரு சொல்லிட்டு உள்ளே ஓடினாரே! உள்ளே ஏதோ வேலை பாக்கி இருக்கு. நீ போய்க் கேளு.” போய்க் கேட்டேன். “எ லிட்டில் ஹோப் சார், வீ ஆர் டிரையிங்” என்றார். பத்தொன்பதாம் நாள் மாமா வீடு திரும்பினார். அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தார். பந்தல்காரரைப் பார்க்கும்போதெல்லாம், “என்னய்யா, அட்வான்ஸை எப்ப திருப்பித் தரப்போறே?” என்று கேட்பார்! (சிரிப்பு, கைதட்டல்)

பட்டதாரியின் காது தவறவிட்ட அந்த ஒற்றை எழுத்தை, அத்தை டாக்டரின் காலடியில் படித்தார்கள் ஐயா. நாற்பது வருஷம் மாமாவோடு வாழ்ந்த உறவு அதைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது.

அகராதியை நான் பழிக்கவில்லை. நானும் அதன் சோற்றைத் தின்பவன்தான். ஆனால் அந்த அகராதி எங்கேயிருந்து வந்தது? ஆங்கிலத்தின் மாபெரும் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி 1884இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928இல்தான் முடிந்தது. ஆயிரக்கணக்கான பொதுமக்கள், தாங்கள் படித்த நூல்களில் ஒவ்வொரு சொல்லும் எப்படி வந்தது என்று துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். அந்தச் சீட்டுகளைக் குவித்து வைத்துக்கொண்டுதான் பொருள் எழுதினார்கள். மக்கள் முதலில் பழகினார்கள், அகராதி பிறகு எழுதிக்கொண்டது. உறவு தாய், அகராதி பிள்ளை. தாய்க்கும் பிள்ளைக்கும் வழக்கு வந்தால் தீர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்று நடுவருக்கு நான் சொல்ல வேண்டுமா?

வீட்டிலே ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் கேட்டால், மூன்று கேள்வியைச் சொல்லிக் கொடுங்கள். எதன் பக்கத்தில் வைத்து இதைச் சின்னது என்கிறாய்? அளக்கிறாயா, அணைக்கிறாயா? கேட்கிறவர் மனம் நோகுமா, குளிருமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு அகராதியைத் திறக்கட்டும். அப்போது சரியான சொல் தானே வந்து கை கொடுக்கும்.

எனவே, ஆங்கிலச் சொல்லைச் சரியாகத் தேர்ந்தெடுக்கப் பெரிதும் துணை நிற்பது மனித உறவே, மனித உறவே என்று தீர்ப்பு வழங்க வேண்டும் என நடுவரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.